ஆடிட்டர் வேண்டுமா, டேலி போடுகிறவர் போதுமா? காட்பாடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் அப்பா காலத்து ஹார்டுவேர் கடை. பிவிசி பைப், குழாய், பெயிண்ட் வியாபாரம், வருஷத்துக்கு 1.2 கோடி விற்பனை, ஜிஎஸ்டியில் காம்போசிஷன், அதாவது சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டுகிற திட்டம். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒருவர் வந்து டேலி என்கிற கணக்கு மென்பொருளில் பில்களை ஏற்றிவிட்டு 4,000 ரூபாய் வாங்கிக்கொள்கிறார், ரிட்டனும் அவரே போடுகிறார். காந்தி நகரில் ஒரு ஆடிட்டரைப் பார்த்தால் வருஷத்துக்கு 45,000 கேட்கிறார். "உள்ளூர் வியாபாரம் போக, சித்தூர் பக்கத்து மேஸ்திரிகள் நாலைந்து பேரும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார்கள். இதுவரைக்கும் ஒரு நோட்டீஸ் வந்ததில்லை. அப்புறம் எதற்கு 45,000?"

தம்பி, நான் ஆடிட்டர் இல்லை. அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவனும் இல்லை. வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன், வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் என்று வடாற்காடு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி பேலன்ஸ் ஷீட் பார்த்த ஆள். நல்ல வியாபாரம் நடந்தும் நொடித்துப்போன கடைகளைப் பார்த்திருக்கிறேன், அதில் பாதி வியாபாரத்தால் நொடிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிற ஒரு ஆபத்து. சித்தூர் மேஸ்திரிகள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. அது அந்தத் திட்டத்தின் அடிப்படை நிபந்தனை. 1.5 கோடி வரை விற்பனை இருக்கலாம், வியாபாரிக்கு 1 சதவீதம் கட்டினால் போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், எல்லாம் சரி. ஆனால் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டி உங்கள் மினி லாரி பைப் ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்குள் போய் இறக்கினால், அந்த நாளிலிருந்து நீங்கள் காம்போசிஷனில் இல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 7 நாளுக்குள் நீங்களே விலகுவதாகத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் மூன்று வருஷம் ஓட்டியிருந்தால், அந்த மூன்று வருஷ விற்பனைக்கும் முழு வரியைக் கேட்பார்கள், வட்டியும் அபராதமும் தனி. நீங்கள் விற்கிற பைப்புக்கும் குழாய்க்கும் 18 சதவீதம். வாங்குகிறவரிடம் வரி வசூலித்து பில் போட்டிருக்க மாட்டீர்கள், காம்போசிஷனில் அது கூடாது. ஆக மொத்தமும் கைக்காசு. கொள்முதலில் கட்டிய வரியில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வழி கிடைக்கலாம், அதற்கும் வாதாட வேண்டும்.

அவர்களே கடைக்கு வந்து, காசு கொடுத்து, அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களா? நீங்கள் அனுப்பி வைத்தீர்களா? பில்லில் எந்த ஊர் முகவரி போட்டிருக்கிறீர்கள்? அவர்களுக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? இதையெல்லாம் பொறுத்து விடை மாறும். ஒன்றுமே ஆகாமலும் போகலாம், பெரிய தொகையாகவும் வரலாம். உங்களுக்கு டேலி போடுகிறவர் நல்ல மனிதராகவே இருப்பார், நீங்கள் கொடுத்த பில்லைத் தப்பில்லாமல் ஏற்றியிருப்பார். ஆனால் இந்த நாலு கேள்வியை அவர் உங்களிடம் கேட்டாரா? உரிமம் உள்ள ஒருவருக்குக் கொடுக்கிற பணம் இப்படிக் கேள்வி கேட்பதற்குத்தான். ஏற்றுவதற்கு ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நம் ஊரில் கணக்கு பார்க்கிற எல்லாரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம், குழப்பமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கணக்கு எழுதுகிறவர் வேறு. ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்று பதிவு செய்துகொண்டு ரிட்டன் போட்டுக் கொடுக்கிறவர் வேறு. விற்பனை வரிக் காலத்திலிருந்து வியாபாரிகளுக்கு உழைத்த பழைய ஆட்கள் லாங்கு பஜார் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. சிஏ என்று நாம் சொல்கிற பட்டயக் கணக்காளர் 1949ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த ஐசிஏஐ என்ற அமைப்பில் உறுப்பினர். உறுப்பினராக இருந்தாலும் தொழில் செய்யத் தனிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வருமான வரித் தணிக்கை அறிக்கையிலும் கம்பெனி தணிக்கையிலும் அவர்தான் கையெழுத்துப் போட முடியும். தப்பாகப் போட்டால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அமைப்பு இருக்கிறது, பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். உங்கள் டேலிக்காரர் தப்பு செய்தால் நீங்கள் என்ன செய்ய முடியும்? வேறு ஆளைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடுகிறவருக்கும் இழக்க ஏதாவது இருந்தால்தான் அவர் உங்களிடம் 'முடியாது' என்று சொல்வார். அந்த 'முடியாது' என்ற சொல்லுக்கு விலை உண்டு தம்பி. எனக்குத் தெரிந்து வியாபாரிகள் அதிகம் கோபப்படுவதும் இதற்குத்தான். "நான் காசு கொடுக்கிறேன், நான் சொல்ற மாதிரி போட மாட்டேங்கிறாரு" என்று என் மேசை முன்னால் உட்கார்ந்து புலம்பியவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொன்னது, அப்படிப்பட்டவரை விட்டுவிடாதீர்கள் என்பதுதான்.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரி ஒருவர் நடைமுறைக் கடன், அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டுவதற்கான கடன், கேட்டு வந்தார். கடையைப் போய்ப் பார்த்தேன், சரக்கு அடுக்கியிருந்த விதத்தையும் வந்துபோகிற பார்சலையும் பார்த்தால் வருஷத்துக்கு 1.2 கோடிக்குக் குறையாது. கணக்கில் 55 லட்சம். ஏன் என்றால், வரி. சின்னத் தொழில்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் எதிர்பார்க்கிற விற்பனையில் 20 சதவீதம் என்று நடைமுறைக் கடன் வரம்பு வைப்போம். 55 லட்சத்துக்கு 11 லட்சம். உண்மையான விற்பனைக்கு 24 லட்சம் கொடுத்திருக்க முடியும். கண்ணுக்கு முன்னால் வியாபாரம் நடக்கிறது, ஆனால் தாளில் இல்லாத வியாபாரத்துக்கு நான் கடன் எழுத முடியாது. மீதி 13 லட்சத்தை அவர் வெளியே ரெண்டு வட்டிக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம், 13 லட்சத்துக்கு 3.12 லட்சம் வட்டி. வங்கியில் 11 சதவீதம் என்று வைத்தால் 1.43 லட்சம். வித்தியாசம் 1.69 லட்சம், ஒவ்வொரு வருஷமும்.

அதற்கு ஈடாக அவர் மிச்சம் பிடித்த வரி எவ்வளவு? இன்றைய விதிப்படி போட்டுப் பாருங்கள். 2 கோடி வரை விற்பனை உள்ள தனிநபர் வியாபாரி, கணக்குப் புத்தகமே காட்டாமல், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்ட வழி இருக்கிறது. 1.2 கோடி முழுக்க ரொக்கம் என்றே வைத்தாலும் லாபம் 9.6 லட்சம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குக் கழிவு கொடுத்து வரி பூஜ்யம் ஆகிவிடுகிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் ஒரு ரூபாய் வருமான வரி வராது. ஜிஎஸ்டி வாங்குகிறவரிடமிருந்து வசூலித்துக் கட்டுவது, அது அவர் காசே இல்லை. ஆக, வராத வரிக்குப் பயந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் வட்டி கட்டுகிறார். அரை மணி நேரம் ஒரு சிஏ உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டினால் முடிகிற விஷயம். அவரிடம் இருந்தது மாதம் ஒருமுறை வருகிற கணக்காளர். குறைத்துக் காட்டு என்றால் குறைத்துக் காட்டினார், வட்டியை அவர் பார்க்கவே இல்லை, அது கணக்கிலேயே இல்லையே.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த 8 சதவீத வழியில் ஒரு வருஷம் போய்விட்டு, அடுத்த 5 வருஷத்துக்குள் 'இந்த வருஷம் லாபம் குறைவு' என்று வெளியே வந்தால், அதற்கப்புறம் 5 வருஷம் அதில் திரும்ப நுழைய முடியாது, வருமானம் வரிவரம்புக்கு மேல் இருந்தால் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். புதிய வரி முறை, பழைய வரி முறை என்று மாற்றிக்கொள்வதிலும் வியாபாரிக்கு சம்பளக்காரர் மாதிரி வருஷா வருஷம் சுதந்திரம் இல்லை. சும்மா இந்த வருஷத்துக்கு மட்டும் பார்த்துப் பெட்டியில் டிக் அடிக்கிறவர் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்று அவருக்கே தெரியாது.

நோட்டீஸ் வந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்கு ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட், 40 பெண்கள் வேலை செய்கிற இடம், சனிக்கிழமை கூலி நாள். முதலாளி கூலிப் பணம் எடுக்க வந்து நிற்கிறார், அவர் கணக்கை முடக்கச் சொல்லி வரித்துறைக் கடிதம் அதற்கு முந்தின நாளே எங்களிடம் வந்துவிட்டது. நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "இன்னா சார் சொல்றீங்க, எனக்கு ஒரு லெட்டர்கூட வரலையே" என்றார். உண்மை, வீட்டுக்கு எதுவும் வரவில்லை. நோட்டீஸ் ஜிஎஸ்டி தளத்தில் ஏறியிருக்கிறது, தகவல் போனது பதிவில் இருந்த மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும், அந்த இரண்டும் பழைய கணக்காளருடையது, அவர் வேலையை விட்டு ஓசூர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நோட்டீஸ், நினைவூட்டல், நேரில் வரச் சொன்ன தேதி, எல்லாம் போய், பதிலே இல்லாததால் ஒருதலையாக உத்தரவு போட்டு, ஏழு லட்சம் சொச்சம் கேட்டிருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு 3 மாதம், காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம். இரண்டும் தாண்டிவிட்டது.

விஷயம் என்ன என்று பார்த்தால், நூலும் பசையும் சப்ளை செய்த ஒருவர் தன் விற்பனையைத் தன் ரிட்டனில் ஏற்றவே இல்லை. சப்ளையர் ஏற்றினால்தான் அது ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு மாதா மாதம் வருகிற 2பி என்ற கொள்முதல் பட்டியலில் தெரியும், தெரிந்தால்தான் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். இவருடைய கணக்காளர் பில் கையில் இருக்கிறதே என்று கழித்துவிட்டார். மாதா மாதம் பட்டியலோடு பில்லை ஒப்பிட்டிருந்தால் முதல் மாதமே அந்த சப்ளையருக்குப் பணத்தை நிறுத்திவைத்துக் கேட்டிருக்கலாம். பிறகு ஒரு சிஏவும் வக்கீலும் சேர்ந்து உயர் நீதிமன்றம் வரை போய், ஒரு பகுதியைக் கட்டி, மறு விசாரணை வாங்கினார்கள். அந்த வாரக் கூலியை அவர் மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தது. அதனால் தம்பி, நோட்டீஸ் வரவில்லை என்று நம்புவதற்கு முன்னால் உங்கள் ஜிஎஸ்டி பதிவில் யாருடைய எண், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா என்றும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை. பதப்படுத்த வாங்குகிற ரசாயனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு பதப்படுத்தி முடித்த தோலுக்கு 5 சதவீதம். வாங்கும்போது கட்டிய வரி விற்கும்போது வசூலிப்பதைவிட அதிகமாகி உள்ளே தேங்கும், அதைத் திரும்பக் கேட்க 2 வருஷக் கெடு இருக்கிறது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் அப்படியே. கெடு தாண்டிவிட்டதென்று விட்டுப்போன பணத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். அப்புறம் அந்த 45 நாள் விதி. உத்யம் என்கிற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கோ ஜாப் ஒர்க்காரருக்கோ எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். மார்ச் 31 வரை கொடுக்காமல் கெடுவும் தாண்டியிருந்தால் அந்த வருஷம் அது செலவாக ஏறாது, லாபம் என்று வரி போடுவார்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காசுக்கு அலைகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு உத்யம் பதிவு செய்ய வேண்டும், பதிவு இலவசம், யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரொக்கத்தில் நாம் செய்கிற பழக்கங்களும் உண்டு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் நிற்காது. கைமாத்தாக 20,000 ரொக்கம் வாங்கினாலே விதிமீறல், அபராதம் வாங்கின தொகை அளவுக்கே போகும். 2 லட்சம் ரொக்கத்துக்கு சரக்கு விற்றாலும் அப்படியே. மச்சானிடம் வாங்கினது, பக்கத்துக் கடை பாயிடம் திருப்பிக் கொடுத்தது, எல்லாம் நமக்கு உறவு, நட்பு. சட்டத்துக்கு அது ரொக்கக் கடன்.

இப்போது 45,000 அதிகமா என்ற கேள்வி. நேர்மையாகச் சொன்னால், உங்கள் அளவு வியாபாரத்துக்கு, அந்த 8 சதவீத வழியில் போனால், தணிக்கை கட்டாயமில்லை. கட்டாயமாக வருவது விற்பனை 1 கோடி தாண்டி, அந்த 8 சதவீத வழியிலும் போகாதபோதுதான். அதிலும் வரவு, செலவு இரண்டிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை தணிக்கை வேண்டாம். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவர் வந்து கேட்டால் சிஏ வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுக்கு என் யோசனை, டேலிக்காரரை விட வேண்டாம். தினசரி ஏற்றுகிற வேலையை சிஏ ஆபீசில் கொடுத்தால் காசுதான் வீண், அங்கேயும் அதை ஒரு பயிற்சி மாணவர்தான் செய்வார். ஆடிட்டரிடம் போய், 45,000க்கு என்னென்ன என்று பிரித்துக் கேளுங்கள். வருஷத்தில் நாலு தடவை உட்கார்ந்து பேசுவது, ரிட்டனைப் போடும் முன் ஒரு பார்வை, வருமான வரி, வங்கிக்கு வேண்டிய கணக்கு. இதற்கு மட்டும் என்றால் குறைத்துச் சொல்வார். நாலு தடவை என்பது முக்கியம். செப்டம்பர் கடைசியில் பையோடு போய் நின்றால் உலகத்திலேயே நல்ல ஆடிட்டராலும் நடந்து முடிந்ததை மாற்ற முடியாது, மார்ச்சுக்கு முன்னால் போனால் மாற்றலாம்.

ஆள் உண்மையான சிஏதானா என்று பார்ப்பது சுலபம். உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். அவர் கையெழுத்திட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு சான்றிதழுக்கும், தணிக்கை அறிக்கைக்கும் யுடிஐஎன் என்று 18 இலக்க அடையாளம் இருக்கும், 2019லிருந்து கட்டாயம். நடுவில் அவருடைய உறுப்பினர் எண்ணே வரும். ஐசிஏஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுச் சரிபார்க்கலாம். நாங்கள் கடன் மேசையில் முதலில் செய்வதே அதுதான். ஒருமுறை அழகாக பைண்ட் செய்து, முத்திரை குத்தி வந்த பேலன்ஸ் ஷீட்டின் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அப்படி ஒன்று பதிவாகவே இல்லை. கொண்டுவந்தவர் பாவம், அவருக்கே தெரியாது, யாரிடமோ 3,000 கொடுத்துப் 'போட்டு வாங்கி' வந்திருக்கிறார். அந்தக் கடன் மனு அங்கேயே நின்றுவிட்டது, அவர் பெயரில் போலி ஆவணம் கொடுத்தார் என்ற குறிப்பும் ஏறியது. அப்புறம் "ரீஃபண்டு வாங்கித் தருகிறேன், அதில் பத்து சதவீதம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பலனில் பங்கு என்று கட்டணம் பேசுவதை சிஏக்களின் நடத்தை விதியே பொதுவாக அனுமதிப்பதில்லை.

என் சொந்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. போன வருஷ பேலன்ஸ் ஷீட்டை அவர் முன்னால் வைத்து, இது என்ன சொல்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கடன் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது, சரக்கு எத்தனை மாதம் அலமாரியில் தூங்குகிறது, கல்லாப்பெட்டியிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி கால் மணி நேரம் பேசினால் அவர் உங்களுக்கு ஆனவர். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்றால் அடுத்தவரைப் பாருங்கள். அப்பா காலத்துக் கடை என்கிறீர்கள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் நாளைக்குப் பங்கு என்று பேச்சு வரும்போது யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு இந்தத் தாள்தான் சாட்சி. வாய்க்கணக்கில் பிரிந்த குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே மூன்று.

அடுத்த வருஷமும் காம்போசிஷனில் இருப்பதா, வழக்கமான முறைக்கு மாறுவதா என்பதை வருஷம் ஆரம்பிக்கும் முன், மார்ச் 31க்குள் முடிவு செய்துவிடுவது நல்லது. அதற்கு ஒரு மாதம் முன்பாவது ஆடிட்டரைப் பாருங்கள். போகும்போது மூன்று வருஷ ரிட்டன், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். சித்தூர் மேஸ்திரிகளுக்குப் போட்ட பில்களை மட்டும் தனிக் கட்டாகக் கட்டி, எந்தெந்த லோடு உங்கள் வண்டியில் போனது என்று பென்சிலால் குறித்து வையுங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.